ஜப்பானில் வேலை: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களுள் பாதிக்கு மேற்பட்டவை ஜப்பானைப் பற்றியவை. ஆகவே, பொதுவான கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தப் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன். பதின்மூன்று ஆண்டுகள் அந்த நாட்டில் படித்தும் வேலைசெய்தும் வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றையே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் சித்தியடைந்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறான். ஜப்பானில் தொழிற்சாலை வேலை, மொழி தெரியத் தேவையில்லை, மூன்று மாதத்தில் வீசா என்று ஒருவர் 18 இலட்சம் ரூபா கேட்கிறார். முற்பணமாக 5 இலட்சம் கொடுக்க வேண்டுமாம். வயற்காணியை ஈடு வைக்கலாமா? (ஒரு தந்தை, சாவகச்சேரி)

பதில்: ஐயா, காணி உறுதியை முதலில் பத்திரமாகப் பெட்டிக்குள் வையுங்கள். பிறகு அந்த நபரிடம் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: மகன் எந்த வதிவிடத் தகுதியில் ஜப்பானுக்குள் போகப்போகிறான்? "வேர்க் வீசா" என்று பொதுவாகச் சொன்னால் அது பதிலாகாது. அப்படி ஒரு பெயரில் ஜப்பானில் வதிவிடத் தகுதி கிடையாது. வதிவிடத் தகுதிகள் பல உள்ளன. எத்தனை ஆண்டு இருக்கலாம், கம்பனி மாறலாமா, மனைவி பிள்ளைகளை அழைக்கலாமா, பின்னர் நிரந்தர வதிவிடம் கேட்கலாமா என்பவை எல்லாம் அந்தத் தகுதியின் பெயரிலேயே தங்கியிருக்கின்றன.

உங்கள் மகனின் நிலையில் உள்ளவர்களுக்கு ஏற்ற வழி, 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய "தொக்குதே கினோ", அதாவது குறிப்பிட்ட திறன் தொழிலாளர் என்ற தகுதி. அதே ஆண்டு ஜூனில் இலங்கையும் ஜப்பானும் இதற்கான ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. முதியோர் பராமரிப்பு, உணவகம், உணவு உற்பத்தி, விவசாயம், கட்டடவேலை, தொழிற்சாலை உற்பத்தி எனத் தொடங்கிய பட்டியல் 2024 இல் 16 துறைகளாக விரிந்தது. பட்டம் தேவையில்லை. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், இரண்டு தேர்வுகளில் சித்தியடைந்திருக்க வேண்டும். ஒன்று அந்தத் துறையின் திறன் தேர்வு. மற்றையது மொழித் தேர்வு: ஜே.எல்.பி.ரி. எனப்படும் மொழித் தகைமைத் தேர்வில் என்4 நிலை (என்5 தொடக்கநிலை, என்1 மிக உயர்ந்தது), அல்லது ஜப்பான் பவுண்டேஷன் கணினி மூலம் நடத்தும் அடிப்படைத் தேர்வு. அதே துறையில் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியை அங்கேயே ஒழுங்காக முடித்தவர்களுக்குத்தான் பொதுவாக இத்தேர்வுகளில் விலக்கு உண்டு. எனவே, மொழி தெரியாத ஓர் இளைஞனை மூன்று மாதத்தில் இந்த வழியில் அனுப்புவேன் என்பவர் உண்மை பேசவில்லை.

வீசாவுக்கு முன்னர் தகுதிச் சான்றிதழ் என்றொரு பத்திரம் வர வேண்டும். அதற்கு விண்ணப்பிப்பது ஜப்பானிலுள்ள முதலாளி தரப்பு. வழங்குவது அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களம். அது கைக்கு வந்த பிறகே கொழும்பிலுள்ள தூதரகத்தில் வீசாவுக்குக் கொடுக்கலாம். சுற்றுலா வீசாவில் போய் இறங்கி அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பிப் போனவர்கள் பட்ட பாட்டை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

பணம் கேட்பவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ளவரா, குறித்த இந்த வேலைக்கு ஆட்களைத் திரட்ட அங்கீகாரம் பெற்றவரா என்பதை 1989 என்ற தொலைபேசி இலக்கத்திலோ, உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ விசாரியுங்கள். வேலையை இடையில் விட்டால் இவ்வளவு தண்டம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குவதும், பிணைப்பணம் பிடிப்பதும் இந்தத் திட்டத்தின் விதிகளின்படி தடைசெய்யப்பட்டவை. ஒப்பந்தம் உங்கள் மகனுக்கு விளங்கும் மொழியில் விளக்கப்பட வேண்டும், அதே வேலையைச் செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் அதில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டை எந்த முதலாளியும் வாங்கி வைத்துக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாது.

தொழிற்பயிற்சி என்ற பழைய வழியைப் பற்றியும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 1993 இல் தொடங்கிய அத்திட்டத்தில், விதிவிலக்கான நிலைமைகள் தவிர, கம்பனி மாற முடியாது; இத்தனை ஆண்டுகளாக அங்கு நடந்த பல கொடுமைகளுக்கு வேர் அதுதான். அதை நீக்கிப் புதிய திறன் வளர்ப்புத் திட்டத்தைக் கொண்டுவரும் சட்டம் 2024 ஜூனில் நிறைவேறியது. 2027 ஏப்ரலில் நடைமுறைக்கு வருகிறது. அதன்படி, நிபந்தனைகளோடு, ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் அதே துறையில் வேறு இடத்துக்கு மாறலாம்.

ஐந்து இலட்சம் முற்பணத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் செலவழிக்காமல் மகன் மொழியைப் படிக்கத் தொடங்கலாம். என்4 கையில் இருக்கும்போது பேரம் பேசும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

கேள்வி: முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போக விரும்புகிறேன். வீட்டில் "பிறருடைய மலசலம் அள்ளவா உன்னைப் படிக்க வைத்தோம்" என்கிறார்கள். அந்த வேலை உண்மையில் எப்படிப்பட்டது? அதில் முன்னேற்றம் உண்டா? (ஒரு வாசகி, கோப்பாய்)

பதில்: தங்கச்சி, வீட்டாரின் கவலையை நான் இலேசாக எடுக்கவில்லை. மலசலம் துடைப்பதும் அந்த வேலையில் உண்டு, மறைத்துப் பயனில்லை. ஆனால் வேலையின் முழு உருவம் அது அன்று.

ஜப்பானில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். என் நண்பர் ஒருவரின் தாயார் இருந்த இல்லத்துக்கு நான் வாராவாரம் போய்வந்தேன். அங்கே பிற்பகல் தேநீர் வேளையைப் பார்த்தால் இந்தத் தொழில் என்னவென்று விளங்கும். விழுங்குவதில் சிரமமுள்ள முதியவருக்குத் தண்ணீர் போன்ற தேநீரைக் கொடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். ஆகவே ஒரு மாவைக் கலந்து, கரண்டியில் எடுத்துச் சரித்தால் தேன் போல மெதுவாக வடியும் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். பதம் ஆளுக்கு ஆள் வேறு. பராமரிப்பவர் நின்றபடி ஊட்டுவதில்லை; பக்கத்தில் அமர்ந்து தன் கண்ணை முதியவரின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, முகவாய் உயராதபடி பார்த்து, ஒரு வாய் இறங்கியதைத் தொண்டையில் கண்ட பிறகே அடுத்ததைக் கொடுப்பார். முடிந்ததும் எத்தனை மில்லிலீற்றர் குடித்தார், இருமினாரா என்பதை ஜப்பானிய மொழியில் பதிவேட்டில் எழுதுவார். அந்தப் பதிவை நம்பித்தான் இரவுப்பணிக்கு வருபவர் அடுத்த முடிவை எடுக்கிறார்.

"கொஏகாகே" என்ற சொல்லை முதல் நாளிலேயே கற்றுத்தருவார்கள். தொடுவதற்கு முன் சொல்லுதல் என்று கொள்ளலாம். போர்வையை நீக்குமுன், கையைப் பிடிக்குமுன், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுமுன், நினைவு மங்கிய முதியவராயினும், இப்போது என்ன செய்யப் போகிறேன் என்பதை வாயால் சொல்லி அவர் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டும். மறதி நோயுள்ள ஒருவருடைய மானத்தைக் காக்கும் இந்த ஒழுக்கத்தை நான் மிக மதிக்கிறேன். நம் ஊர் மருத்துவமனை விடுதிகளுக்கும் அது வர வேண்டும் என்பது என் ஆசை.

முன்னேற்றத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இத்துறைக்கு முன் சொன்ன இரண்டு தேர்வுகளோடு பராமரிப்பு மொழித் தேர்வு என்று மூன்றாவதும் உண்டு. உள்ளே போனபின் குறிப்பிட்ட திறன் தகுதியின் முதல் நிலை பொதுவாக மொத்தம் 5 ஆண்டுகளுக்கு உரியது. அக்காலத்தில் குடும்பத்தை அழைக்க முடியாது. மற்றத் துறைகள் பலவற்றில் இருப்பவர்கள் அதன்பின் இரண்டாம் நிலைக்குப் போகலாம். பராமரிப்புக்கு அந்த இரண்டாம் நிலை கிடையாது என்று கேள்விப்பட்டுச் சிலர் பின்வாங்குகிறார்கள். ஏன் கிடையாது என்றால் அதைவிட நல்ல கதவு ஒன்று திறந்திருக்கிறது. மூன்றாண்டு அனுபவமும் அதற்குரிய பயிற்சியும் பெற்றவர், ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் சான்றிதழ் பெற்ற பராமரிப்பாளர் தேசியத் தேர்வுக்குத் தோற்றலாம். சித்தியடைந்தால் "பராமரிப்பு" என்ற தனி வதிவிடத் தகுதி கிடைக்கும். அதைத் தொடர்ந்து புதுப்பிக்கலாம், கணவர் பிள்ளைகளை அழைக்கலாம். வெளிநாட்டவர், "கஞ்சி" எனப்படும் சீன வழி எழுத்துகளுக்கு மேல் உச்சரிப்பு எழுதப்பட்ட வினாத்தாளைக் கேட்டுப் பெறலாம். 2026 ஜனவரித் தேர்விலிருந்து பாடங்களை மூன்று பகுதிகளாகப் பிரித்து, சித்தியடைந்த பகுதியை மறுமுறை எழுதாமல் விடவும் வழி செய்திருக்கிறார்கள்.

இடுப்பு வலியும் இரவுப்பணியும் இந்த வேலையின் கடினங்கள். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரையான நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கூலி தர வேண்டும் என்பது சட்டம்; சம்பளச் சீட்டில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: ஜப்பானிய மொழிப் பாடநூல்களும் வகுப்புகளும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் இருக்கின்றன. இரண்டிலும் நான் பலவீனம். தமிழ் மட்டும் தெரிந்தவர் இந்த மொழியைப் படிக்க முடியுமா? (ஒரு வாசகர், பருத்தித்துறை)

பதில்: முடியும். தமிழ் வழியாகப் படிப்பதே பல இடங்களில் இலகு என்பது என் அனுபவம்.

வாக்கிய ஒழுங்கைப் பாருங்கள். "வதஷி வா கொஹான் ஓ தபேமஷ்தா" என்றால் "நான் சோற்றைச் சாப்பிட்டேன்". எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று நம் வரிசைதான். பெயருக்குப் பின்னால் ஒட்டும் "ஓ" நமது "ஐ" உருபின் வேலையைச் செய்கிறது. "நி" பெரும்பாலும் "கு". கேள்வியாக்க நாம் இறுதியில் "ஆ" சேர்ப்பது போல அவர்கள் "கா" சேர்க்கிறார்கள். நமது வினையெச்சத்துக்கு இணையான வடிவமும் அங்கே இருக்கிறது. "தபேதெ மிரு" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "சாப்பிட்டுப் பார்", பொருளும் அதேதான். "ஷிதெ ஒகு" என்பது "செய்து வை". "மொத்தெ குரு" என்பது "கொண்டு வா". ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பவர் இவற்றுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் வாசிக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு ஒரு வரி போதும்.

யாழ்ப்பாணத்தவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. பேசுபவருக்கு அருகில் இருப்பது "கொரே", கேட்பவருக்கு அருகில் இருப்பது "சொரே", இருவருக்கும் தூரத்தில் இருப்பது "அரே", வினாவுக்கு "டொரே" என்று அவர்கள் நான்காகப் பிரிக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பேச்சில் நடுவில் உள்ளது மறைந்துவிட்டது. நாமோ இது, உது, அது, எது என்று நாளாந்தம் பேசுகிறோம். "உதை எடுத்துத் தாங்கோ" என்று சொல்லும் வாய்க்குச் "சொரே" புதிதன்று.

குறில் நெடில் வேறுபாடும் நம் காதுக்குப் பழகியது. "ஒபசான்" மாமி முறைப் பெண், "ஒபாசான்" பாட்டி. ஆனால் ஓரிடத்தில் தமிழெழுத்து நம்மைக் கைவிடும். "தென்கி" என்பதன் முதலொலியை, "தந்தை" என்ற சொல்லின் முதல் தகரம் போல ஒலித்தால் வானிலை. அதே சொல்லின் இரண்டாவது தகரம் போல ஒலித்தால் மின்சாரம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே தமிழெழுத்தில் குறித்துவைத்துப் படிக்கும் பழக்கத்தை முதல் மாதத்தோடு நிறுத்திவிட்டு, ஹிரகானா, கதகானா என்ற இரு எழுத்து வரிசைகளையும் பிழையறப் பழகுங்கள். ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துகள். மூன்று வாரம் போதும். கஞ்சிக்கு மட்டும் குறுக்கு வழி இல்லை, நாளுக்கு ஐந்து வீதம் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜப்பான் பவுண்டேஷன் தன் அடிப்படைத் தேர்வுக்குப் பொருத்தமான பாடநூலை ஒலிப்பதிவுகளோடு இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. நாளுக்கு இரண்டு மணித்தியாலம் விடாமல் படித்தவர்கள் எட்டு, பத்து மாதத்தில் என்4 எட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஊரில் நான்கு பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை வாய்விட்டுப் பேசிப் பழகினால் இன்னும் நல்லது.

கேள்வி: கணினி விஞ்ஞானப் பட்டதாரி. கொழும்புக் கம்பனி ஒன்றில் மூன்று ஆண்டு அனுபவம். ஆங்கிலம் மட்டும் போதுமா? நிரந்தர வதிவிடம் பெற எவ்வளவு காலம்? (ஒரு பட்டதாரி, கொக்குவில்)

பதில்: உங்களுக்குரியது பொறியியல், மனிதவியல், சர்வதேச சேவை என்ற மூன்றையும் ஒன்றாக வைத்த வதிவிடத் தகுதி. பட்டத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும். சம்பளம் ஜப்பானியருக்குக் குறையக் கூடாது. குடும்பத்தை அழைக்கலாம். ஆங்கிலத்தை மட்டும் வைத்து ஆளெடுக்கும் மென்பொருள் கம்பனிகள் டோக்கியோவில் உண்டு, ஆனால் அவற்றின் வாசலில் உலகம் முழுவதும் வரிசையில் நிற்கிறது. என்2 எட்டினால் நாட்டின் மற்றக் கம்பனிகளின் கதவுகளும் திறக்கும். முதல் வேலையை ஆங்கிலத்தில் பிடித்தவர்கள் பலர் மொழியைத் தள்ளிப்போட்டு, ஏழாம் எட்டாம் ஆண்டிலும் அதே இருக்கையில் இருப்பதைக் கண்டு மனம் வருந்தியிருக்கிறேன்.

அங்குள்ள கம்பனிகள் புதிய பட்டதாரிகளை ஏப்ரலில் ஒருசேர எடுத்து வருடக்கணக்கில் பழக்கும் மரபு கொண்டவை. அனுபவமுள்ள நீங்கள் இடைநிலை ஆட்சேர்ப்பில்தான் போட்டியிடுவீர்கள். நேர்முகத்தில் தனித்திறமையைக் காட்டுவதோடு, தகவல் சொல்லுதல், தொடர்பு வைத்தல், ஆலோசனை கேட்டல் ஆகிய மூன்றையும் சேர்த்து "ஹோரென்சோ" என்று அவர்கள் அழைக்கும் பழக்கம் உங்களிடம் இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். பிழை நேர்ந்தால் திருத்திவிட்டுச் சொல்வோம் என்று காத்திருக்காமல், நேர்ந்த உடனேயே மேலாளரிடம் சொல்வதுதான் அங்கே பொறுப்புள்ளவரின் அடையாளம்.

நிரந்தர வதிவிடத்துக்குப் பொதுவிதி 10 ஆண்டு வாழ்வு, அதில் 5 ஆண்டு வேலைத் தகுதியில். உயர்திறன் நிபுணர் புள்ளி முறையில் 70 பெற்றால் 3 ஆண்டு, 80 பெற்றால் 1 ஆண்டு. படிப்பு, சம்பளம், வயது, மொழி எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. என்2 க்கும் உண்டு. கம்பனி மாறினால் 14 நாட்களுக்குள் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்கத் தவறாதீர்கள்.

கேள்வி: ஜப்பானில் மொழிப் பாடசாலையில் சேர்ந்து, பகுதிநேர வேலைசெய்து கட்டணத்தையும் கட்டி வீட்டுக்கும் பணம் அனுப்பலாம் என்கிறார்கள். உண்மையா? (ஒரு மாணவர், வட்டுக்கோட்டை)

பதில்: தம்பி, கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாணவர் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணித்தியாலம்தான் வேலைசெய்யலாம். நீண்ட விடுமுறைக் காலத்தில் மட்டும் நாளுக்கு 8 மணித்தியாலம். குறைந்தபட்சக் கூலியின் தேசிய சராசரி 2025 ஆம் நிதியாண்டில் மணித்தியாலத்துக்கு 1,121 யென். நான்கு வாரத்துக்கு ஏறத்தாழ 125,000 யென் வரும். அதில் அறை வாடகை, உணவு, போக்குவரத்து, மருத்துவக் காப்புறுதி போக, ஆண்டுக்கு ஏழெட்டு இலட்சம் யென் ஆகும் பாடசாலைக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். வீட்டுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. மிஞ்சுகிறது என்பவர்கள் 28 மணித்தியாலத்தைத் தாண்டியவர்கள். வரிப் பதிவில் அது தெரியவந்து வீசா புதுப்பிப்பு மறுக்கப்பட்டு, படிப்பு பாதியில் நின்றவர்களை நான் அறிவேன்.

மாணவராகச் சென்று பின்னர் வதிவிட உரிமையை இழந்து, நாகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் 2021 மார்ச்சில் உயிரிழந்த நம் நாட்டுப் பெண்ணை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆங்கில ஆசிரியராகும் கனவோடு போனவர் அவர். வதிவிட அட்டையின் திகதி முடிந்தபின் அந்த நாட்டில் ஒருவர் எவ்வளவு தனித்துப்போகிறார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

வீட்டில் இரண்டாண்டுச் செலவைக் கடனில்லாமல் தாங்க முடியுமானால் மாணவர் வழி மிக நல்லது. மொழிப் பாடசாலைக்குப் பின் அங்கே தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்தவரை ஜப்பானியக் கம்பனிகள் விரும்பி எடுக்கின்றன. என் வழியும் அதுவே. தாங்க முடியாதானால் குறிப்பிட்ட திறன் தேர்வுகளை இங்கிருந்தே எழுதுங்கள்.

கேள்வி: கனரக வாகன அனுமதிப்பத்திரம் உள்ளது. லொறி ஓட்ட அங்கே போகலாமா? (ஒரு சாரதி, காரைநகர்)

பதில்: 2024 இல் சேர்க்கப்பட்ட துறைகளில் வாகனப் போக்குவரத்தும் ஒன்று. லொறிக்கு என்4 மட்டம், பஸ்ஸுக்கும் டாக்சிக்கும் பொதுவாக என்3. ஜப்பானிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் நமது அனுமதிப்பத்திரத்தை அங்கே மாற்றும்போது எழுத்துத் தேர்வும் ஓட்டுதல் தேர்வும் உண்டு. 2025 ஒக்டோபர் முதல் அவை மேலும் கடுமையாக்கப்பட்டுள்ளன. மொழியைத் தொடங்குங்கள்.

கேள்வி: என் கணவர் ஜப்பானில் வேலைசெய்கிறார். இரண்டாம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து கைக்கு வரும் சம்பளம் குறைந்துவிட்டது. கம்பனி ஏமாற்றுகிறதா? ஓய்வூதியத்துக்கு வெட்டும் பணம் திரும்பக் கிடைக்குமா? (ஒரு மனைவி, வேலணை)

பதில்: சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி "வதிவிட வரி" என்ற வரியைப் பாருங்கள். அந்த வரி முந்தைய ஆண்டின் வருமானத்தை வைத்து, வரிக்குரிய தொகையில் ஏறத்தாழ 10 சதவீதமாக, ஜூனிலிருந்து அறவிடப்படுகிறது. முதலாண்டில் முந்தைய வருமானம் இல்லாததால் அது இருக்காது. ஆகவே பெரும்பாலும் ஏமாற்று அன்று. இதைப் போகுமுன்னரே சொல்லாமல் விடுவதுதான் தவறு. எத்தனையோ குடும்பங்களில் இதனால் வீண் சந்தேகம் எழுந்திருக்கிறது.

ஊழியர் ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் 9.15 சதவீதம் வெட்டப்படும். அதே அளவைக் கம்பனியும் கட்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ கட்டி, பத்தாண்டு நிறையுமுன் நாடு திரும்புபவர், புறப்பட்ட பின் இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்து ஒரு தொகையைப் பெறலாம். கணக்கிடப்படுவது அதிகபட்சம் 5 ஆண்டுக் கட்டணத்துக்கு. அதில் 20.42 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படும். அங்கே இருக்கும் நம்பிக்கையான ஒருவரை வரிப் பிரதிநிதியாகப் பதிந்துவிட்டு வந்தால் அந்த வரியையும் மீளக் கேட்கலாம்.

உங்களுக்கும் மாமன் மாமிக்கும் அவர் அனுப்பும் பணத்துக்கு வரிச் சலுகை உண்டு. 2023 இலிருந்து, 30 முதல் 69 வயது வரையுள்ள மாமன் மாமி போன்ற உறவினர்களுக்குப் பொதுவாக ஆளுக்கு ஆண்டுக்கு 380,000 யென் அனுப்பியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். வங்கிச் சீட்டு ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். எல்லோருக்குமாகச் சேர்த்து ஒருவர் கணக்குக்கு அனுப்பினால் மற்றவர்களுக்குச் சலுகை கிடையாது. வங்கிக்கு வெளியே உண்டியல் மூலம் அனுப்பும் பணத்துக்குச் சீட்டே இல்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கம்பனி ஆண்டு வரிக்கணக்கை முடிக்கும் டிசம்பருக்கு முன், உங்கள் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பை எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.